பெர்சிடாவின் சைக்கிளும் ஊரார் குடித்த ராக்கியாவும்

கார்லோவ்ட்ஸியில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் பாதிப் பேர் பெர்சிடா செய்து கொடுத்த பற்களால்தான் சிரிக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் பெர்சிடாவைப் பார்த்துச் சிரிப்பதற்குத் தம் சொந்தப் பற்களைப் பயன்படுத்துகிறார்கள். அவர் பல்செட் செய்யும் பெண்மணி. அவருடைய பட்டறை டான்யூப் ஆற்றுக்கு இறங்கும் சாலையில், ஜன்னலைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்த ஜன்னல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இளவேனில் பிறந்ததும், பின்னாலும் முன்னாலும் பைகளைத் தொங்கவிட்ட சைக்கிள்களில் வெளிநாட்டார் அந்த வழியாகப் போகத் தொடங்குவார்கள். பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஜெர்மானியர். முழங்கால் தெரியும் கால்சட்டையும் வெந்த நண்டின் நிறமுமாக வருவார்கள். ஜன்னலோரம் நின்று தண்ணீர் கேட்பார்கள். அடுத்த தெருவை விசாரிப்பதைப் போலக் கருங்கடலுக்கு வழி கேட்பார்கள். பெர்சிடா, கையில் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்களுடன், "நேராப் போங்க, ஆறு கூடவே வரும்" என்பார். பிறகு உட்கார்ந்து தேய்ப்பார். முப்பது ஆண்டுகளாக ஊர் உலகத்துக்கெல்லாம் வழி சொன்னவர், தாம் பெல்கிரேடைத் தாண்டியதில்லை.

சென்ற குளிர்காலத்தில், குடும்பப் புனிதரின் திருநாள் விருந்தில், வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது அவர் அறிவித்தார்: மே மாத இறுதியில் பட்டறைக்கு விடுமுறை, அந்த விடுமுறையில் ஆற்றங்கரையோடு, பெல்கிரேடையும் தாண்டி, சைக்கிளிலேயே கோலுபாட்ஸ் கோட்டைவரை போகப் போகிறார். அந்த விடுமுறையை விட்டால் அடுத்த ஆண்டுதான்; அடுத்த ஆண்டில் தம் முழங்கால்கள் தம்முடன் ஒத்துழைக்கும் என்பதற்கு அவரிடம் எந்த உத்தரவாதமும் இல்லை.

அவருடைய அண்ணன் ஸ்வெடோசார் வாயிலிருந்த பன்றி வறுவலை விழுங்கக்கூடப் பொறுக்கவில்லை.

"கோலுபாட்ஸா? ஏ பெர்சா, நீ ரெண்டாம் நாளே பஸ்ல திரும்பி வருவ பாரு. நான் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறேன், மாலையோட."

"நில்லுண்ணே. நிக்கறதுலதான் உனக்கு நல்ல அனுபவம் இருக்கே. ரயில்வேல நின்னுக்கிட்டேதானே சம்பளம் வாங்கின?"

பாதிரியார் கவ்ரிலோ இந்த நகைச்சுவைக்குச் சிரித்துவிட்டு, தாம் ஒரு பாதிரியார் என்பது நினைவுக்கு வந்ததும் இருமினார்.

சைக்கிள் ஒன்று தேவைப்பட்டது. பெர்சிடாவின் கணவர் லாசர் இவ்வுலகை விட்டுச் சென்றபோது இரண்டு சொத்துகளை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று, தாமே ப்ளம் பழத்தில் வடித்த ராக்கியா என்ற சாராயம், பிரம்பு பின்னிய பெரிய குடுவை நிறைய. மற்றொன்று, பிரேக் இல்லாத சைக்கிள். அதை நிறுத்த விரும்பியவர் தேவாலயச் சுவரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பெப்ரவரியில் அந்தச் சுவரே அதை இரண்டாக முறித்துப் போட்டது. பெர்சிடாவுக்குக் காயம் ஏதுமில்லை, சுவருக்குச் சிறிது.

அவருடைய வீட்டு நடை குறுகலானது; ஒரு சைக்கிள்தான் நிற்கும். ஆகவே அந்த ஒன்றே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். கல் பாவிய தெருவில் சந்தைக்குப் போக வேண்டும். மழை பெய்தால் மாவாகிவிடும் மண் ஏற்றத்தில், காளான் பறிக்க ஃப்ருஷ்கா கோரா காட்டுக்குள் ஏற வேண்டும். ஆற்றின் கரைமேட்டுச் சரளையில் நாள் முழுவதும் ஓட வேண்டும். பைகளைச் சுமக்க வேண்டும். மாலையில் இடுப்பை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பக்கத்து நகரமான நோவி சாதில் சைக்கிள் கடை வைத்திருக்கும் திஹாமேர், அமைதியாகப் பேசும் ஹங்கேரியர். அவருடைய தந்தையை மறுபடியும் வறுத்த இறைச்சி தின்ன வைத்தவர் பெர்சிடா. அந்த நன்றிக்காக அவர் ஓர் ஏற்பாடு செய்தார்: ஒவ்வொரு சைக்கிளாகத் தம் வேனில் கொண்டுவந்து இறக்குவார், பெர்சிடா ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வேறொன்று வரும். பெர்சிடாவுக்கு இது நியாயமாகப் பட்டது. பல்செட்டையும் அவர் முதலில் மெழுகில் செய்து வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் முடிப்பார்.

எங்கள் ஊரின் வழக்கத்தை இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான் பிழை. இங்கே ஒரு வீட்டுக்குப் புதுப் பொருள் வந்தால், அது காராக இருந்தாலும் காலணியாக இருந்தாலும், அக்கம்பக்கத்தார் வந்து நல்வாக்குச் சொல்வார்கள். வீட்டுக்காரர் அவர்களுக்குக் குடிக்க ஊற்ற வேண்டும். ஊற்றாத பொருள் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது நம்பிக்கை. ஊற்றாத ஆள் அதைவிடச் சீக்கிரம் கெட்டுப்போவார் என்பது அனுபவம்.

முதல் சைக்கிள் மலைப்பாதைக்கானது. டயர்கள் முதலையின் முதுகைப் போல இருந்தன. வேன் தெருமுனையைத் திரும்புவதற்குள் ஸ்வெடோசார், பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரியாகிய நான் என மூவரும் வாசலில் நின்றோம். பெர்சிடா ஊற்றினார். பாதிரியார் ஹேண்டில்பார்மீது நீர் தெளித்து ஆசீர்வதித்தார். இரண்டாம் குவளைக்குப் பிறகு ஸ்வெடோசார் தீர்ப்பு வழங்கினார்.

"இது சைக்கிள் இல்லம்மா, டிராக்டர். தார் ரோட்டுல போனா ஊரே எழுந்திரிச்சுடும். பை மாட்ட இடமே இல்லையே, பையைப் பல்லுல கடிச்சிக்கிட்டுப் போவியா?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. காட்டில் அது ஆடு போல ஏறிற்று. சாலையில் பெர்சிடாதான் அதைச் சுமந்தார். திருப்பி அனுப்பினார்.

இரண்டாவது சைக்கிள் பச்சை நிறத்தில் வந்தது. எஃகுச் சட்டம், நிமிர்ந்து உட்காரும் அமைப்பு, முன்னும் பின்னும் பை மாட்டத் துளைகள்.

"டயர் ரொம்ப மெல்லிசும் இல்லைங்க, ரொம்பத் தடியும் இல்ல" என்றார் திஹாமேர். "ஏத்தத்துக்குன்னே சின்ன கியர் இருக்கு. ஒருவேளை சட்டம் விட்டுப்போச்சுன்னா எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலயும் ஒட்டிடலாம்."

நாங்கள் குடித்துக்கொண்டே அதைச் சுற்றி வந்தோம்.

"என்ன கலர் இது?" என்றார் ஸ்வெடோசார். "ஆஸ்பத்திரிச் சுவரு மாதிரி. பாத்தாலே ஊசி போட வர்ற மாதிரி இருக்கு."

"தவளை கலரும்மா" என்றார் பாதிரியார். "பைபிள்ல எகிப்துக்கு வந்த வாதையில இதுவும் ஒண்ணு."

நானும் ஏதோ சொன்னேன். வெந்த கீரையைக் குறிப்பிட்டதாக நினைவு. பெர்சிடா அந்த வாரம் முழுவதும் அதை ஓட்டினார். தெருவில் போகும்போதெல்லாம் ஸ்வெடோசார் தவளையைப் போலக் கத்தினார். வார முடிவில் பெர்சிடா, வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல், நிறம் சரியில்லை என்று அதையும் திருப்பி அனுப்பினார்.

மூன்றாவது, பந்தயச் சைக்கிள், டயர்கள் விரலளவு. பாதிரியார் அதற்கும் ஊற்றச் சொல்லி, அதையும் ஆசீர்வதித்து, "இதுல குனிஞ்சு போனா பாவமன்னிப்பு கேக்கற மாதிரியே இருக்கு, இதுக்குக் கோயிலுக்கே வரலாமே" என்றார். முதல் மழையிலேயே பெர்சிடா சேற்றில் ஒருக்களித்துப் படுத்தார்.

நான்காவது மின்கலத்தில் ஓடுவது. அதை வேனிலிருந்து இறக்குவதற்கு முன்பே ஸ்வெடோசார் வந்துவிட்டார். கோட்டுப் பையிலிருந்து தம் வீட்டுக் குவளையை எடுத்தார்.

"உன் குவளை சின்னதா இருக்குல்ல, அதான்."

"வண்டியைப் பாக்கலையாண்ணே?"

"குறையெல்லாம் அப்புறம் கண்டுபிடிச்சுக்கலாம். முதல்ல ஊத்து."

அன்று பெர்சிடா ஊற்றுவதற்குக் குடுவையை நன்றாகச் சாய்க்க வேண்டியிருந்தது. சைக்கிளோ அவருடைய வாசற்படியில் ஏற மறுத்தது. அதைத் தூக்க ஓர் ஆளும், அந்த ஆளைத் தேட இன்னோர் ஆளும் வேண்டும். அதுவும் திரும்பிப் போயிற்று. மே மாதம் பாதி முடிந்திருந்தது. விடுமுறை நெருங்கிவிட்டது, குடுவையில் ஒரு புட்டி அளவே மிச்சம், சைக்கிள் இல்லை.

"அஞ்சாவது எப்ப வருது?" என்று தெருவில் நின்று கேட்டார் ஸ்வெடோசார். அவருடைய குரலில், சகோதர பாசம் என்று தவறாக எண்ணத்தக்க ஒன்று இருந்தது.

அந்த வாரம் பாதிரியார் கவ்ரிலோ தம் புதிய பல்செட்டுடன் பட்டறைக்கு வந்தார். நான் அப்போது அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு சின்னக் குறைம்மா."

"வலிக்குதா பாதர்?"

"இல்ல."

"கழண்டு வருதா?"

"சேச்சே. நேத்து ஒரு முழு சோளக்கதிரு தின்னேன்."

"பேசும்போது விசில் அடிக்குதா?"

"இல்லம்மா. கலர்தான். ரொம்ப வெள்ளையா இருக்கு. உண்டியல் காசுல வாங்கினேன்னு ஜனங்க நினைப்பாங்க."

பெர்சிடா கையிலிருந்த கருவியை மேசைமீது வைத்தார். பொருந்தாத பல்லை அணிந்தவர் வலிக்கிறது என்பார், கழன்று விழுகிறது என்பார், தூக்கி மேசைமீதே எறிவார். வேறு எந்தக் குறையும் கிடைக்காதவர்தான் நிறத்தைப் பற்றிப் பேசுவார். இதை அவர் தம் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறார். வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு எங்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

"பாதர்" என்றார். "முதல் சைக்கிளுக்கு நீங்க எல்லாரும் என்ன சொன்னீங்க?"

"டிராக்டர்னு."

"மூணாவதுக்கு?"

"குனிய வைக்குதுன்னு."

"பச்சைக்கு?"

பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

"கலரைச் சொன்னோம்" என்றார் அவர், மிகத் தாழ்ந்த குரலில்.

"நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா அடுத்த வண்டி வந்திருக்காது. அடுத்த வண்டி வரலன்னா அடுத்த குவளை ஏது?"

பாதிரியாருக்கு உண்மை பேசுவது தொழில். அன்று மட்டும் அவர் ஓய்வில் இருந்தார்.

பெர்சிடா பட்டறையைப் பூட்டிவிட்டு நோவி சாதுக்குப் பேருந்தில் போனார். அந்தப் பச்சைச் சைக்கிள் விற்றுப்போயிருக்குமோ என்ற அச்சத்தில் வழி முழுவதும் நின்றுகொண்டே போனதாகப் பின்னர் சொன்னார். அவர் அஞ்சியிருக்க வேண்டியதில்லை. பச்சைச் சைக்கிள் கடையின் பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கலரை யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க" என்றார் திஹாமேர் வருத்தத்துடன்.

அதிலேயே ஏறி, ஆற்றங்கரையோடு வீடு வந்து சேர்ந்தார் பெர்சிடா. வாசலில் நாங்கள் தயாராக நின்றோம். ஸ்வெடோசார் குவளையை நீட்டினார்.

"பழைய தவளைதானா? பரவால்ல, திரும்பி வந்தாலும் புதுசுதான். ஊத்து."

"ஊத்தறேண்ணே. கோலுபாட்ஸ்ல ஊத்தறேன்."

"என்னது?"

"ஒரு புட்டிதான் மிச்சம். அதை இந்தப் பையில வெச்சு எடுத்துட்டுப் போறேன். கோட்டை வாசல்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம். வேணுங்கறவங்க அங்க வாங்க."

"இது வழக்கமே இல்ல! பாதர், நீங்க சொல்லுங்க!"

பாதிரியார் வானத்தை நோக்கினார். எங்கே ஊற்ற வேண்டும் என்று வழக்கம் எதுவும் சொல்லவில்லை என்பதை அவர் அங்கே கண்டிருக்க வேண்டும்; ஏனெனில் தம் குவளையை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாம் நாளே பஸ்ல வருவ" என்றார் ஸ்வெடோசார். ஆனால் இம்முறை அதில் பழைய உறுதி இல்லை. தங்கை திரும்பினால் புட்டியும் திறக்கப்படாமல் திரும்பும் என்பதும், போய்ச் சேர்ந்தால் அங்கேயே தீரும் என்பதும் அவர் முகத்தில் மாறி மாறித் தெரிந்தன. மறுநாள் அவரே வந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். பைக்குள் இருந்த புட்டியைத் தம் கம்பளிக் காலுறையால் சுற்றி வைத்தார்.

"குலுங்கக் கூடாதுல்ல" என்றார். சைக்கிளைப் பற்றிச் சொல்லவில்லை.

பெர்சிடா வியாழக்கிழமை விடியலில் புறப்பட்டார். இரண்டாம் நாள் மாலை ஸ்வெடோசார் பேருந்து நிலையத்துக்குப் போனார். பூமாலை எடுத்துச் செல்லவில்லை. கடைசிப் பேருந்துவரை நின்றுவிட்டுத் திரும்பி, என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வரல" என்றார். பிறகு, "கோலுபாட்ஸுக்கு எத்தனை பஸ் மாறணும்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டைப் பாதிரியார் கவ்ரிலோ நகரத்தில் பாதிரியாராக இருக்கும் தம் மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டார். காரணமாக நோயாளி ஒருவரைக் குறிப்பிட்டார். நாங்கள் மூவரும் மூன்று பேருந்துகள் மாறினோம். மூன்றாவதில் வாந்தி எடுத்தவர் ஸ்வெடோசார். கோட்டைக்கருகே இறங்கியபோது மதியம் கடந்திருந்தது. ஆறு அங்கே கடல்போல அகன்று, பின்னர் மலைக்குள் நுழைந்தது. மதிலின் நிழலில் பெர்சிடா உட்கார்ந்திருந்தார். வெந்த நண்டின் நிறத்தில் இருந்தார். சக்கரம் முதல் இருக்கைவரை சேறு அப்பிய சைக்கிள், மதிலில் சாய்ந்து நின்றது. பச்சை எங்கோ சில இடங்களில்தான் தெரிந்தது.

"பஸ்ல வந்தியாண்ணே?" என்று கேட்டார் பெர்சிடா, மிகுந்த அக்கறையுடன்.

ஸ்வெடோசார் சைக்கிளைச் சுற்றி வந்தார். டயரை அழுத்திப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். பைகளை ஆட்டிப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. கடைசியில் கோட்டுப் பையிலிருந்து குவளையை எடுத்தார்.

"சேறு பூசினப்புறம் கலரு அவ்வளவு மோசமில்ல" என்றார்.

பெர்சிடா காலுறையைப் பிரித்துப் புட்டியை எடுத்து, ஊற்றினார்.