டாக்டர் திரையில், அம்மா பட்டுப்புடவையில்

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். அண்ணன் மும்பையில் வேலையில் இருந்ததால் ஆபரேஷன் அங்கே நடந்தது. கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை என்று சொல்லித்தான் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், டிவி மாதிரி ஒரு பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து ஆபரேஷன் செய்த மும்பை டாக்டரோடு பேசவைத்தார்கள். இரண்டாயிரங்களின் நடுவில் அதுவே பெரிய அதிசயம். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழை விட்டால் எதுவும் தெரியாது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த நான்தான் நடுவில்.

குனிந்து ஒரு சொம்பு எடுக்க முடியாதவள், அன்று பட்டுப்புடவை கட்டி, பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"பெரிய மனுசன் பாக்கப்போறாரு. அழுக்குப் புடவையிலயா போயி குந்துறது?"

டாக்டர் எங்கேயோ ஒரே ஒரு தமிழ் வாக்கியம் கற்றுவைத்திருந்தார். "நல்லா இருக்கீங்களா?" என்றார். அம்மா பூரித்துப்போனாள்.

"நல்லா கீறேன் ஐயா. நீங்க சாப்ட்டீங்களா?"

நல்லா இருக்கீங்களா என்று கேட்டவரிடம் இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. வலி தாங்கமுடியவில்லை, வேறு மருந்து வேண்டும் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "அது சும்மா சொல்லுதுங்க" என்று திரையைப் பார்த்துச் சிரித்தாள். டாக்டர் அந்தச் சிரிப்பைத்தான் நம்பினார். அம்மா பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார், அதே மாத்திரை போதும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

"வலிக்குதுன்னு சொல்றதுல என்னம்மா வெட்கம்?" என்று கத்தினேன்.

அடுத்த பள்ளம் தாண்டும்வரை கம்பியை விடவில்லை. பிறகு சொன்னாள்: "நான் சொன்னா, அத நீ உன் வாயால அவருக்கு எடுத்துச் சொல்லணுமே கண்ணு. உனுக்கு எப்டி இருக்கும்?"

ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அடுத்த முறை இங்கிலீஷ் தெரிந்த ஒரு சிஸ்டரிடம் எனக்குப் பதிலாகப் பேசும்படி முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஆபீஸிலிருந்து போன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. முதலில் சாப்பாட்டு விசாரிப்பெல்லாம் நடந்தது. அப்புறம் அம்மாவின் குரல் இறங்கியது. சிஸ்டர் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்ல, டாக்டர் அன்றுதான் வலிக்கு வேறு மருந்து எழுதினார்.

அம்மாவுக்கு எங்கெல்லாம் வலிக்கிறது என்பதை நான் முதல் முறையாகக் கேட்டது அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுதான். இடுப்பில் தொடங்கிக் கால்வரை இழுக்கிறதாம். உட்கார முடியவில்லையாம். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாளாம். நான் தெருமுனையைத் தாண்டியதும் கதவைச் சாத்திவிட்டு, வாய்விட்டுக் கத்துவாளாம்.