மூடியில் வைக்காத புள்ளி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் டைமர் என்னுடையதல்ல. அதன் முதுகில் நீல மையில் எழுதிய ‘செல் அறை’ என்ற எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. இப்போது அது இட்லி வேகும் நேரத்தைச் சொல்கிறது. அது ஒலிக்கும்போதெல்லாம் எதையோ போட மறந்துவிட்டதாக ஒரு கணம் திடுக்கிடுகிறேன்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியின் உயிரியல் ஆய்வகத்தில், அதை நடத்திய பேராசிரியை மேடத்திடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். மகளுக்கு அப்போது பத்து மாதம். ஆவடியில் காப்பகத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். கேஸை அணைத்தேனா, பால் புட்டியைப் பையில் வைத்தேனா என்ற கேள்விகள் பாதி வழி வரை கூடவே வரும். ஆய்வகத்துக்குப் போனால் அங்கே வேறு கேள்விகள். கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் நசரத்பேட்டை அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பார். “ஊட்ல கேஸ அணச்சனான்னு ஒரு தபா, இங்க மூடி போட்டனான்னு ஒரு தபா. உனுக்கு ஒரு மண்ட பத்தாதும்மா.”

செல் தனக்குள் பழுதான புரதங்களைச் சிறு பைகளில் கட்டி, செரிக்கும் இடத்துக்கு அனுப்பித் தின்றுவிடும். பட்டினி போட்டால் இன்னும் அதிகமாகத் தின்னும். மேடம் வாழ்நாளெல்லாம் பார்த்தது இதைத்தான். மைக்ரோஸ்கோப்பில் அந்தப் பைகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளி அதிகம் என்பதால் செல் நன்றாகத் தின்கிறது என்று எழுதிவிட முடியாது. “தெருவுல குப்பை நிறைஞ்சு கிடந்தா, ஜனங்க நிறைய போட்டாங்களா, இல்ல லாரி வரலையான்னு பாக்கணும்” என்பார் மேடம்.

வயலில் தெளிக்கும் ஒரு பூச்சிக்கொல்லி அந்த லாரியை, அதாவது பைகள் செரிக்கப் போவதை, நிறுத்திவிடுகிறது என்பது அவருடைய சந்தேகம். அதைச் சோதிக்க இரண்டு தட்டுச் செல்களில் பூச்சிக்கொல்லியைப் போடுவோம். ஒரு தட்டில் மட்டும், லாரியை நிச்சயமாக நிறுத்தும் என்று தெரிந்த ஒரு மருந்தையும் சேர்ப்போம். இரண்டிலும் புள்ளிகள் ஒரே அளவாக இருந்தால், லாரி ஏற்கெனவே நின்றுவிட்டது என்று பொருள். அந்த மருந்துக்கு நிறம் கிடையாது. போட்டவுடன் மூடியில் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டினி நேரம் முடிந்து, மருந்து போட வேண்டிய நேரம் என்று டைமர் அடித்த அதே சமயம் காப்பகத்திலிருந்து போன் வந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல். பேசிக்கொண்டே கையுறையை மாற்றினேன், தட்டுகளை இன்குபேட்டரில் வைத்தேன், மீதியை அக்காவிடமும் மேடத்திடமும் விட்டுவிட்டு ஓடினேன். மறுநாள் மைக்ரோஸ்கோப் படம் வந்தது. இரண்டு தட்டிலும் ஒரே அளவு புள்ளிகள். அதற்கு முந்தைய இரண்டு முறையும் செல்கள் பாதியிலேயே செத்துப்போயிருந்ததால், எங்களுக்குக் கிடைத்த ஒரே முடிவு அதுதான். திட்டத்தை நீட்டிக்கக் கேட்கும் அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்தார் மேடம். அன்று எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா கழுவப் போட்டிருந்த தட்டுகளைக் கிளறினேன். இரண்டு மூடியிலும் பேனாப் புள்ளி இல்லை. மருந்து போட மறந்தேனா, புள்ளி வைக்க மறந்தேனா? மருந்து போடாமல் விட்டிருந்தாலும் இரண்டு தட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டில் சொன்னேன். “நீ கதவ பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாக்கறவ. போட்டுருப்ப” என்றார் கணவர். அதை நம்பத்தான் ஆசைப்பட்டேன். நான்கு நாள் ஆசைப்பட்டேன்.

ஐந்தாம் நாள் மாலை மேடத்தின் அறைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களை அட்டைப்பெட்டி மேல் வைத்து, மதியம் சாப்பிடாமல் விட்ட தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். டப்பாவை மூடினார். கோபப்படவில்லை. கோபப்படும் தெம்பும் அவரிடம் இல்லை என்று தோன்றியது.

“நிச்சயமா தெரியலன்னா, போடலன்னுதான் வெச்சுக்கணும்” என்றார். அறிக்கையைத் திறந்து அந்தப் படத்தை நீக்கினார்.

மறுவாரம் சோதனையை அவரே திரும்பச் செய்தார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். மருந்தைப் போட்டதும் என் பக்கம் திரும்பி “போட்டேனா?” என்று கேட்டார். “போட்டீங்க மேடம்” என்றேன். அதன் பிறகே மூடியில் புள்ளி வைத்தார். இந்த முறை மருந்து போட்ட தட்டில் பச்சைப் புள்ளிகள் கூடியிருந்தன. லாரி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவருடைய சந்தேகம் தவறு; அநேகமாக அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மருந்து போடவில்லை. அதை அவர் ஒருநாளும் வாயால் சொல்லவில்லை.

திட்டம் நீளவில்லை. மேடம் முழுநேரமும் வகுப்பெடுக்கப் போனார், நான் வேலை போய் வீட்டோடு இருந்தேன். ஆய்வகத்தில் போடும் வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்தபோது அதன் பையில் டைமர் இருந்தது. போன் செய்து திருப்பித் தருவதாகச் சொன்னேன். “வெச்சுக்கோ, இட்லிக்கு ஆகும்” என்றார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த அறையில் இன்னும் விளக்கு எரிந்திருக்குமோ என்று இன்றும் நினைக்கிறேன். பிறகு, எரிந்து என்ன பயன் என்றும் நினைக்கிறேன். இரண்டில் ஒன்றிலும் மனம் நிற்பதில்லை.

போன வாரம் மகளுக்கு மீண்டும் காய்ச்சல். கொடுத்த ஒவ்வொரு வேளைக்கும் மருந்துப் பாட்டிலின் மூடியில் பேனாப் புள்ளி வைப்பது என் வழக்கம். மதியம் குக்கர் விசில், வாசலில் கூரியர், அழுகிற குழந்தை. எல்லாம் அடங்கியபின் பார்த்தால், மூடியில் காலையில் வைத்த புள்ளி மட்டும் இருந்தது. உள்ளறையில் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, “மருந்து குடுத்தியா?” என்றார் கணவர்.

மேடத்தின் விதி இங்கே உதவாது. தட்டில் சந்தேகம் என்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி செய்யலாம். குழந்தைக்குச் சந்தேகம் என்றால் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அன்று சொல்ல நான்கு நாளான வார்த்தை இன்று உடனே வந்தது.

“தெரியல” என்றேன்.

ஃப்ரிட்ஜிலிருந்து டைமரை எடுத்தேன். டாக்டர் சொன்ன இடைவெளியை முழுதாக வைத்து, ஈரத்துணியுடன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.