பதினாலாம் நம்பர் மெஷின்

குமரேசன் பிறந்தது திருவண்ணாமலை, படித்தது திருவண்ணாமலை, பெண் எடுத்ததும் திருவண்ணாமலைதான். ஆனால் பௌர்ணமி கிரிவலம் என்பது அவருக்கு டிவியில் பார்க்கிற சமாச்சாரம். சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் மாதம் தவறாமல் மலையைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள். மலைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு வைத்திருக்கிற மனுஷன் பத்தொன்பது வருஷமாகச் சுற்றவில்லை.

காரணம் சாமி இல்லை, பால். அவலூர்பேட்டை சாலையில் ஒரு தனியார் பால் பிளான்ட்டில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டருக்கும் டீக்கடை. அத்தனைக்கும் பால் வேண்டும். அன்றைக்கு மட்டும் பிளான்ட் இரண்டு மடங்கு பாக்கெட் போடும். அன்றைக்குப் பார்த்துத்தான் மெஷின்களுக்கும் குமரேசன் ஞாபகம் வரும். எதை எங்கே தட்டினால் ஓடும் என்பது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும் என்பதால், மெஷின் முனகினால் போன் அவருக்குத்தான்.

கல்யாணமான புதிதில், இந்த வேலையில் சேருவதற்கு முன்னால், ஒரே ஒரு பௌர்ணமிக்கு வேதாவும் அவரும் சேர்ந்து நடந்திருக்கிறார்கள். வேதா வெறுங்காலோடு நடந்தாள். அவள் செருப்பை மஞ்சப்பையில் போட்டு இவர் தூக்கிக்கொண்டு போனார். குபேர லிங்கம் தாண்டியதும் அவள் கேட்டாள்: "இன்னாங்க, மாசாமாசம் இப்டியே வரலாமா?"

"அதுக்கின்னா, வரலாம்" என்றார் இவர். வாய்தானே.

முதலில் கொஞ்ச வருஷம் வேதா ஞாபகப்படுத்தினாள். அப்புறம் சண்டை போட்டாள். அப்புறம் பக்கத்து வீட்டு கஸ்தூரியோடு போய்வந்து இவர் நெற்றியில் விபூதி வைத்தாள். இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. திட்டு வாங்கினால்கூடச் சாப்பாடு இறங்கிவிடும். கேட்காமல் இருக்கிறாளே, அதுதான் குமரேசனைக் குடைந்தது. பௌர்ணமி சாயங்காலம் கம்ப்ரஸருக்கு எண்ணெய் பார்க்கிற சாக்கில் பிளான்ட் மொட்டை மாடிக்கு ஏறுவார். கம்ப்ரஸர் கீழேதான் இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும், நடக்கிறவர்கள் தெரியமாட்டார்கள். ஆனாலும் அங்கே வேதாவின் பச்சைப் புடவை போகிறது என்று வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பார்.

போன வருஷம் பிளான்ட் மேனேஜர் தேவிப்ரியா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணா, மெஷின் கெட்டப்புறம் ஓடறத விட்டுட்டு, கெடறதுக்கு முன்னாடியே பாத்துடணும். எதுக்கு எப்ப கிரீஸ், எதுக்கு எப்ப பெல்ட்டுனு போன்லயே சொல்ற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் வாங்கப்போறோம். மூணு கம்பெனிக்காரங்க காட்டறாங்க. நீங்க ஓட்டிப் பாத்து எதுன்னு சொல்லுங்க."

இன்னொரு ஃபிட்டர் சக்திவேல் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "ண்ணா, அது வந்துட்டா நம்மள வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

"பௌர்ணமிக்கு மட்டும் என்ன அனுப்பிச்சா போதும்டா, நான் அதுக்கு மால போட்டு கும்புடுவேன்" என்றார் குமரேசன். சக்திவேல் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

முதல் சாஃப்ட்வேரை டை கட்டிய ஒருவர் பெரிய திரையில் காட்டினார். கலர் கலராக வட்டம் சுற்றியது. பாக்கெட் போடும் மெஷினை எத்தனை நாளைக்கு ஒரு தடவை பிரித்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். குமரேசன் எப்போதும் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால்தான் அதைப் பிரித்துப் பூட்டுவார். நாள்காட்டியில் முழு நிலா படத்தைப் பார்த்துச் செய்கிற வேலை அது, எண்ணியது கிடையாது. "முப்பது நாள்" என்றார். டைக்காரர் முப்பது என்று அடித்தார்.

நாலு மாதம் தேன் மாதிரி ஓடியது. போன் அடிப்பதே கம்மியாகிவிட்டது. குமரேசன் துணிந்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வேதாவிடம் சொன்னார்: "இந்தப் பௌர்ணமிக்கு நானும் வரேன்."

வேதா அவரை நம்பாமல் பார்த்தாள். ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கே பச்சைப் புடவை கட்டிவிட்டாள். அவள் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சக்திவேல்.

"ண்ணா, ரெண்டாம் நம்பர் பேக்கிங் மெஷின பிரிச்சுட்டேன். திரும்ப மாட்டினா சீல் ஒட்ட மாட்டேங்குது. வண்டிங்க நிக்குது."

"பௌர்ணமி அன்னைக்கா பிரிச்ச? எவன்டா சொன்னான்?"

"போன் சொல்லிச்சுண்ணா. இன்னிக்குத்தான் முப்பதாவது நாள்னு செவப்புல காட்டுச்சு."

"அது சொல்லும். அது வீட்டாண்டயா மல இருக்குது?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். வேதா கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போங்க, வண்டி நிக்குதுல்ல. நான் கஸ்தூரியோட போய்க்கிறேன்" என்று சொல்லி அவர் கையில் பைக் சாவியைக் கொடுத்தாள்.

மறுநாள் கிழிக்கிற காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாக எண்ணினார். பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவே முப்பது நாள் இல்லை, இருபத்தொன்பதரை. மாதம் அரை நாளாக நழுவி நழுவி, நாலு மாதத்தில் இரண்டு நாள் போய்விட்டது. முப்பது என்று சொன்னது அவர் வாய்தான். அண்ணாமலையார் ஊரில் இருந்துகொண்டு நிலாக் கணக்கைத் தப்பாகச் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். டைக்காரருக்குப் போன் போட்டு, அரை நாள் வைக்க முடியுமா என்று கேட்டார். அதெல்லாம் எடுக்காது சார் என்று பதில் வந்தது.

இரண்டாவது சாஃப்ட்வேர் குளிர் அறைக்குள் செத்துப்போனது. அங்கே சிக்னல் கிடையாது. சுழல்கிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சக்திவேலுக்கு விரல் விறைத்ததுதான் மிச்சம். மூன்றாவதைக் கொண்டுவந்தவர் செழியன் என்று ஒருவர். திரை, டை எதுவும் இல்லை. நேரே குளிர் அறைக்குள் போய் நின்று, அங்கேயே அமுக்கிக் காட்டினார். எல்லாம் தமிழில் இருந்தது. சிக்னல் இல்லாவிட்டாலும் எழுதி வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் அனுப்பியது.

"நாள் எண்ணாம, தேதி தேதியா நாங்களே போட்டுக்கலாமா தம்பி?" என்று கேட்டார் குமரேசன்.

"பஞ்சாங்கத்தையே போட்டுக்குங்க சார், எனக்கின்னா."

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சோதித்துப் பார்ப்போமே என்று புதிதாக ஒரு மெஷினை ஏற்றினார். பிளான்ட்டில் இருப்பது பதிமூன்று, இது பதினாலு. பெயர்: குமரேசன். ஓட ஆரம்பித்த வருஷம்: 1977. சர்வீஸ்: மலையைச் சுற்றி ஒரு நடை. எப்போது: பௌர்ணமிதோறும். கூட இருக்கவேண்டிய ஆள்: வேதா. கடைசியாகச் செய்தது: 2005. அமுக்கியதும் பெட்டி சிவப்பாகிவிட்டது. நாள் கடந்துவிட்டது என்று காட்டி, பக்கத்தில் எத்தனை நாள் என்றும் போட்டது. ஏழாயிரத்துச் சொச்சம்.

விளையாட்டாகச் செய்ததுதான். அந்த நம்பரைப் பார்த்த பிறகு விளையாட்டாக இல்லை. அழிக்கவும் மறந்துபோனார்.

மறுநாள் தேவிப்ரியா போனை நீட்டினார். "அண்ணா, நம்மகிட்ட பதிமூணு மெஷின்தானே? பதினாலாவது ரொம்ப மோசமா இருக்குது போல."

குமரேசனுக்குக் காது சூடாகிவிட்டது. "சும்மா டெஸ்டிங் மேடம். அழிச்சுடறேன்."

"அழிக்காதீங்க. இந்த மூணாவதுதான் வேணும்னு சொல்றீங்களா?"

"ஆமா மேடம். இதுக்குத்தான் பௌர்ணமி தெரியுது."

"அப்ப ஒரு கண்டிஷன். உங்க மண்டைல இருக்கறது எல்லாம் இதுல ஏறணும். ஏத்திட்டீங்கன்னா, சர்வீஸ்ல இருக்கற மெஷின அன்னிக்கு ஓட்டக்கூடாது. நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க?" என்று சொல்லி, பதினாலாம் நம்பருக்கு எதிரே இருந்த ஒப்புதல் பெட்டியை அமுக்கினார்.

ஆறு வாரம் குமரேசன் எழுதினார். சீல் ஒட்டவில்லை என்றால் ஹீட்டரை மாற்றாதே, முதலில் ஒயர் முனையை இறுக்கு. கம்ப்ரஸர் கரகரத்தால் பயப்படாதே, கீச்சென்றால் பயப்படு. ஒவ்வொன்றையும் சக்திவேலைச் செய்யவைத்துப் படம் பிடித்து ஏற்றினார். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னாலேயே போன் நினைவுபடுத்த, பேக்கிங் மெஷின்களைச் சக்திவேலே பிரித்துப் பூட்டினான். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பௌர்ணமி அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு இருவரும் ராஜகோபுரத்திலும், பாதையிலுள்ள எட்டு லிங்கங்களில் முதலாவதிலும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வேதா செருப்பைக் கழற்றினாள். குமரேசன் மஞ்சப்பையை விரித்துக் காட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டுச் செருப்பை உள்ளே போட்டாள்.

செங்கம் சாலையில் கூட்டம் நெரித்தது. அவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தார். அது சும்மா இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒன்று விட்டு ஒரு அடிக்கு, சின்னதாக, டக். பத்தடி தள்ளி நின்று பேரிங் தேய்ந்ததைச் சொல்கிற காது அது. அத்தனை ஜனத்திலும் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது.

"முட்டியா?"

"ம்."

"எத்தினி நாளா?"

"போன ஆடிலேருந்து."

"அப்ப கஸ்தூரியோட சுத்திட்டு வந்தது?"

"அவ சுத்துவா. நான் கோபுரத்தாண்ட உக்காந்துட்டு வந்துடுவேன்."

"வெபூதி குடுத்தியே!"

"வெபூதி வாங்க முட்டி எதுக்குங்க?"

அக்னி லிங்கம் வருவதற்குள் அவள் இரண்டு தடவை அவர் தோளைப் பிடித்தாள். கும்பிட்டுவிட்டு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் கிழித்துப் போட்ட பால் பாக்கெட்டைக் குமரேசன் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் அச்சடித்திருந்தது, இரண்டாம் நம்பர் மெஷின். சீல் நேராக இருந்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நீங்க வரேன்றப்ப எனக்கு முடியலன்னா?" என்று மலையைப் பார்த்துச் சொன்னாள் வேதா.

நிலா மேலே வந்துவிட்டது. போன் அதிர்ந்தது, அவர் பதறி எடுத்தார். பிளான்ட் இல்லை, சாஃப்ட்வேர். பதினாலாம் நம்பர் சர்வீஸ் முடிந்ததா என்று கேட்டது. முடியவில்லை என்று அமுக்கினார். காரணம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க அது?"

"ஏன் முடிக்கலன்னு கேக்குது."

"எட்டு லிங்கத்துல ரெண்டு ஆச்சு, மிச்சம் ஆறு, மாசத்துக்கு ஒண்ணுன்னு எழுதுங்க. அடுத்த தடவ இங்க வரைக்கும் ஆட்டோல வந்துடலாம்."

அப்படியே எழுதினார். மஞ்சப்பையிலிருந்து செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டார். அவள் போட்டுக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. ஜனம் அவர்களைத் தாண்டி யம லிங்கத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. ரோடு வளைகிற இடம் வரைக்கும் தலைகள் தெரிந்தன. அதற்கு அப்பால் தெரியவில்லை. இரண்டு பேரும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.