நகரின் முகமென நான் தூக்கிக் காட்டியது

வாசகரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவர்கள் மூவர் அன்று மண்டபத்திலேயே இருந்தார்கள். அவர்களால் எனக்கு நேர்ந்ததே போதும். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எங்கேனும் ஒரு சொல்லை என் பக்கம் சாய்த்து வைத்தேன் என்று தோன்றினால் அவ்விடத்திலேயே எழுந்து நின்று கேளுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறேன்: அன்று என் குரல் ஓரிடத்திலும் தளரவில்லை. பிழை வேறிடத்தில் நிகழ்ந்தது.

“ஒரு சமூகத்தின் குணத்தை அதன் பெருநகரமே வெளிப்படுத்துகிறது” என்பது தலைப்பு; அதை ஆதரித்துப் பேசுவது எங்கள் அணி. மத்திய மலைநாட்டுப் பாடசாலைகளுக்கிடையிலான விவாத இறுதிச்சுற்று கண்டியில் நடைபெற இருந்தது. வெல்கின்ற அணி கொழும்புக்குப் போகும். அன்று சிறந்த பேச்சாளராகத் தெரிவாகிறவர் எவரோ, அவரே கொழும்பில் முதற் பேச்சாளர் என்று பொறுப்பாசிரியர் அறிவித்திருந்தார். அந்த அறிவிப்பை ஒரு சடங்காகவே நான் எடுத்துக்கொண்டேன். முதற் கதிரை என்னுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. கடுகண்ணாவையில் எங்கள் கடைக்கு வந்துபோன வாடிக்கையாளர் அனைவருக்கும், சீனி நிறுத்துக் கொடுத்தபடியே, அதை அறிவித்தும் இருந்தேன்.

என் அணியில் இரண்டாம் பேச்சாளன் அலவத்துகொடையிலிருந்து வருகிறவன். அவனுக்கு மேடைக்குரல் கிடையாது. பேசும்போது கைகளைக் காற்சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். தலைப்பு வந்த அன்றே என் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றினான்.

“கண்டியெல்லாம் பெருநகரமா மச்சான்? ஒரு பக்கம் வாவி, மத்தப் பக்கம் மலை. நடுவுல நாலு ரோட்டு. கொழும்புக்காரன் கேட்டா சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். அவன் சிரிப்பையும் சான்றாக எடுத்துக்கொள்வேன்” என்றேன்.

“நீ என்னத்தத்தான் எடுக்க மாட்டாய்?” என்றான்.

பதினான்கு பக்கங்கள் எழுதினேன். என் வாதம் எளிமையானது, இரக்கமற்றது. கண்டி நகரைப் பாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. நகரம் இப்படியென்றால் சமூகமும் இப்படியே. மூன்றாம் பக்கத்தில், என் எழுத்திலேயே சிறந்ததென்று நான் கருதிய வாக்கியம் இருந்தது: “இந்நகரில் ஒருவன் தன் பொருளைத் தவறவிட்டால் அது அவனிடம் திரும்பாது, இங்கே எவரும் எவருக்கும் ஆளில்லை!” அந்த இடத்தில் பையிலிருந்து ஒரு பழைய பத்திரிகையை எடுத்து உயர்த்தி, “இதோ, என் கையில் இருப்பது இந்நகரின் உண்மை முகம்!” என்று முழங்குவதாக ஏற்பாடு. உயர்த்தும்போது கையைப் பார்க்கக் கூடாது. பார்வை அவையின் கடைசி வரிசையில் இருக்க வேண்டும். மேடைப் பேச்சில் பயிற்சி பெற்றவனையும் பெறாதவனையும் பிரிப்பது அதுவே.

போட்டியன்று காலை கடுகண்ணாவையில் ஏறிய பேருந்தில் நிற்பதற்கே இடம் போதவில்லை. அமர்ந்திருந்த ஓர் அம்மா, நம் ஊர்ப் பேருந்துகளில் எப்போதும் நடப்பதுபோல, என் தோளிலிருந்த கறுப்புப் பையை இழுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

“தாங்க தம்பி. நிக்கிறதே பெரிய பாடு.”

அவர் மடியில் ஏற்கெனவே மூன்று பைகள் இருந்தன. எவருடையவை என்று அவரும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. எனக்கோ கைகள் இரண்டும் விடுதலையாகிவிட்டன. கண்களை மூடி ஒத்திகையைத் தொடங்கினேன். முதற் பகுதியின் முடிவில் வலக்கையை உயர்த்த வேண்டும், உயர்த்தினேன். உடனே எவரோ எனக்காக மணியை அடித்தார்கள். பேருந்து நின்றது.

“எறங்குங்க தம்பி” என்றார் நடத்துநர்.

“நான் இறங்கவில்லை.”

“அப்ப கைய ஏன் தூக்குறீங்க?”

பிலிமத்தலாவைக்கும் பேராதனைக்கும் இடையில் இவ்வாறு மூன்று முறை பேருந்து நின்றது. மூன்றாம் முறை பின்னாலிருந்து ஒருவர், “புள்ளைக்குத் தல சுத்துது போல. ஜன்னலத் தொறங்கப்பா” என்றார். முன்பின் தெரியாத ஒரு சிங்கள மாது என் உள்ளங்கையில் ஓர் இஞ்சி டொபியை வைத்து விரல்களை மூடிவிட்டார். நான் அதை வாயில் போட்டுக்கொண்டு, நகர மாந்தரின் நெஞ்சில் ஈரமில்லை என்ற ஐந்தாம் பக்கத்தை ஒத்திகை பார்த்தேன்.

பேராதனையில் பையேந்திய அம்மா இறங்கினார். மடியிலிருந்தவற்றை அந்த இடத்தில் அமர்ந்த முதியவரின் மடிக்கு மாற்றிவிட்டுப் போனார். முதியவரும் மறுபேச்சின்றி நான்கு பைகளையும் கட்டிப்பிடித்தபடி உறங்கிப்போனார். கண்டியின் குட்ஷெட் பேருந்துத் தரிப்பிடத்தில் கூட்டம் என்னைத் தள்ளியபோது, அவர் மடியிலிருந்து கறுப்புப் பையை உருவிக்கொண்டு இறங்கினேன். காலையில் இருந்ததைவிடப் பை இலேசாக இருந்தது. மனப்பாடம் செய்யப்பட்ட பொருள் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிப் பெருமிதம் கொண்டேன்.

பேருந்து அடிக்கடி நின்றதால் தாமதமாகிவிட்டது. மண்டபத்துள் நுழையும்போதே முதற் பேச்சாளரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். பையோடு நேரே மேடையேறினேன். வாசகரே, இங்கே கவனியுங்கள். ஏறக்குறைய ஐந்து நிமிடம் நான் பேசிய பேச்சு அம்மண்டபம் அதுவரை கேளாத பேச்சு. கடைசி வரிசையில் எவரும் இருமவுமில்லை. மூன்றாம் பக்கம் வந்தது. “எவரும் எவருக்கும் ஆளில்லை!” என்று முடித்து, பையினுள் கைவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்தபடியே உயர்த்தினேன்.

“இதோ, என் கையில் இருப்பது இந்நகரின் உண்மை முகம்!”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

சிரிப்பும் ஒரு வகைப் பாராட்டே. “சிரிக்கிறீர்கள்! உங்கள் முகத்தை உங்களுக்கே காட்டினால் சிரிக்கிறீர்கள்!” என்றேன். சிரிப்பு பெருகியது. “வெளியே பளபளப்பு, உள்ளே வெறுமை! இதை இப்போதே உங்கள் முன்னிலையில் தூக்கி எறிகிறேன்!”

“எறியாதீங்க தம்பி! ஐயோ, அத எறியாதீங்க!”

வாசலிலிருந்து ஓர் அக்கா கைகளை விரித்தபடி ஓடி வந்தார். அப்போதுதான், பயிற்சிக்கு மாறாக, என் கையைப் பார்த்தேன். மணப்பெண்ணின் பின்னலோடு சேர்த்துக் கட்டும் சவுரிமுடி ஒன்று முழங்கை வரை தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் குஞ்சம்.

தலைமை நடுவர் மேசையைத் தட்டினார். “அம்மா, இது போட்டி நடக்கிற இடம்.”

“அங்க கல்யாணம் நடக்கிற இடம் ஐயா! பதினொரு மணிக்கு முகூர்த்தம். பொண்ணு பாதித் தலையோட ஒக்காந்திருக்கு.”

அவர் மணப்பெண் அலங்காரம் செய்பவர். அதே பேருந்தில், அதே மடியில், அதே நிறப் பையைக் கொடுத்திருந்தார். முச்சக்கரவண்டியில் ஏறிப் பையைத் திறந்தபோது உள்ளே என் பதினான்கு பக்கங்கள். முதற் பக்கத்தில் தலைப்பும் மண்டபமும் நேரமும் எழுதியிருந்தபடியால் நேரே இங்கே வந்துவிட்டார். என் பையை மேடை விளிம்பில் வைத்துச் சவுரியை வாங்கிக்கொண்டார்.

“எண்ணிப் பாருங்க தம்பி, பதினாலும் இருக்கு. ஆனா மூணாவது பக்கத்துல எங்கள ரொம்ப ஏசியிருக்கீங்க.”

“நீங்கள் வாசித்தீர்களா?”

“நான் எங்க வாசிக்க? எனக்கு முகூர்த்தம்தான் கண்ணுல. ஆட்டோக்காரர்தான் சிக்னல்ல நிக்கிறப்ப சத்தமா வாசிச்சாரு. தொலைஞ்ச சாமான் திரும்பாதுன்னு எழுதுன ஆள நேர்ல பாக்கணும்னு அவரும் உள்ளுக்கே வந்துட்டாரு.”

வாசற் கதவில் காக்கிச் சட்டையணிந்த ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். “நீங்கதானா அது?” என்று அங்கிருந்தே கேட்டார். மண்டபம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எதிரணித் தலைவர் எழுந்து, “நடுவர் அவர்களே, எங்கள் வாதத்தை ஆதரிக்கும் அணியினரே நிறுவிவிட்டார்கள். நாங்கள் அமர்ந்துகொள்கிறோம்” என்று சொல்லி உண்மையாகவே அமர்ந்துவிட்டார்.

என்னிடம் மேலும் பதினொரு பக்கங்கள் இருந்தன. சாட்சியாகிய உங்களிடம் மறைப்பதற்கில்லை: அவற்றில் ஒரு வரியையும் அந்த ஆட்டோக்காரரின் முன்னால் வாசிக்க முடியவில்லை. நன்றி கூறி இறங்கினேன். குரல் தளரவில்லை.

அலவத்துகொடைக்காரன் எழுந்தான். கைகள் வழக்கம்போலப் பையினுள்.

“தலைப்ப ஒருக்கா வாசிங்க சேர்” என்று நடுவரிடம் கேட்டான். அவர் வாசித்தார். “நகரம் குணத்தக் காட்டும். அவ்வளவுதான் தலைப்பு. என்ன குணம் எண்டு அதுல இல்ல. எங்கட தலைவர் சொன்ன குணம் பிழை. ஆனா நகரம் காட்டினது உண்மை. இப்பத்தான் எல்லாரும் பாத்தீங்க.” இதற்கும் சிரித்தார்கள், வேறு விதமாக. அது அடங்கும்வரை பொறுத்திருந்து தொடர்ந்தான். “எங்கட ஊர்ல ஒருத்தன்ட பைய மடியில வெச்சா, அவன் யார்ட மகன் எண்டு தெரிஞ்சுதான் வெக்கிறம். அவன்ட வாப்பாவ நாளைக்குப் பள்ளிவாசல்ல பாக்கணும். டவுனுக்கு வார பஸ்ல அப்பிடி இல்ல. யார்ட பை எண்டு யாருக்கும் தெரியாது. தெரியாத ஆளுக்குச் செய்ற வேலையிலதான் குணம் வெளிய வருது. அதுக்குத் தெரியாத ஆள்கள் வேணும். அவங்க நெறையச் சேர்ற இடத்துக்குப் பேர்தான் நகரம்.”

மொத்தம் நான்கு நிமிடம் பேசினான். ஒருமுறையும் கையை எடுக்கவில்லை.

நடுவர்கள் வெளியே போகவே இல்லை. இருந்த இடத்திலேயே தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். எங்கள் அணி வென்றது. சிறந்த பேச்சாளராக அவனை அறிவித்தார்கள். பொறுப்பாசிரியர் என் தோளைத் தட்டி, “கொழும்பில அவர் முதல், நீர் இரண்டாவது. சரிதானே?” என்றார். சரியென்று தலையசைத்தேன். அசைத்த அதே தலைக்குள், கொழும்புப் போட்டியன்று எனக்கு எந்த வகைக் காய்ச்சல் வருவது பொருத்தமாயிருக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மண்டபப் படியில் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். வெற்றி பெற்றவனின் முகம் அவனிடம் இல்லை.

“மச்சான், கோவமா?”

“இல்லை.”

“நீ வராம விட்டுருவாய். எனக்குத் தெரியும். காய்ச்சல் எண்டு சொல்லுவாய்.”

அவன் படியில் உட்கார்ந்தான்.

“கொழும்புல அவ்வளவு சனத்துக்கு முன்னால நிக்க எனக்குப் பயம் மச்சான். கைய ஏன் வெளிய எடுக்கிறல்ல எண்டு நெனச்சாய்? நடுங்கிறது தெரிஞ்சுரும் எண்டுதான். இண்டைக்கு நீ முன்னால விழுந்து கெடந்தாய், அதால பயமில்லாமப் பேசினன். நீ பக்கத்துல இல்லாட்டி நான் போகல்ல. கதிரைய அந்த எதிரணிக்காரனுக்கே குடுக்கட்டும்.”

மூன்றாண்டுகள் அவனோடு ஒரே மேசையில் இருந்திருக்கிறேன். அவன் கைகள் பையில் கிடப்பதை அடக்கமின்மை என்றே எண்ணி வந்தேன். வாய்க்குள் மெல்லச் சொல்லும் வாக்குறுதியிலிருந்து எவ்வாறு நழுவுவது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே படியில் நின்று, பொறுப்பாசிரியரும் எதிரணியினரும் திரும்பிப் பார்க்கும்படி, முழு மேடைக்குரலில் சொன்னேன்:

“கொழும்புக்கு வாறேன்டா! நீதான் முதல் கதிர. நான் ரெண்டாவதுல ஒக்காந்து, நீ சொன்னதுக்கு ஆதரவாத்தான் பேசுவேன். மாத்தி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்!”