கடிகாரமும் பிள்ளையும்

வெளிநாட்டில் பிரசவத்தைப் படமெடுக்கப் போட்டோக்காரரை அமர்த்துவார்கள் என்று ஒரு பழைய பத்திரிகையில் படித்ததுமே எனக்குக் கை பரபரத்தது. அருப்புக்கோட்டையில் அதை முதலில் செய்யப்போவது நான்தான். ஸ்டுடியோவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், ஒரு எண்ணெய்க் கடைக்காரரைத் தவிர.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர். ரேடியோவில் மணி சொல்லும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பார். "சுவர்க் கடிகாரமும் பிள்ளையும் ஒரே படத்துல விழுகுமா தம்பி? நர்சுமாரு குத்துமதிப்பா நேரம் சொல்லுவாக, சாதகம் தப்பிரும்" என்றார்.

டாக்டரம்மாவிடம் அவரே அனுமதி வாங்கினார். பிள்ளை பெறப்போகிற அவர் மனைவியை யாரும் கேட்கவில்லை, நானும்தான். தலைமாட்டில் நின்று, பிள்ளை வெளியே வந்ததும் எடுத்தேன். கடிகாரமும் விழுந்தது. அந்த அக்கா என்னைப் பார்த்து, "பிள்ளை மொகம் தெரியுதா தம்பி? எனக்கும் ஒண்ணு தாங்க" என்றார்.

பொம்பளைப் பிள்ளை என்று வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னவனும் நான்தான். கடைக்காரர் கேமராவைக் கேட்டார், கொடுத்தேன். வெயிலில் நின்று பின்மூடியைத் திறந்து, பிலிமை முழுக்க உருவிப் போட்டார்.

"பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு நிமிசக் கணக்கு? வாங்க, டீ சாப்பிடுவோம்."

கோபமே இல்லாமல் எப்படிச் செய்தார் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். படம் வரும் என்று அக்காவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அக்கா இப்போது பாளையம்பட்டியில், தன் அம்மா வீட்டில் இருக்கிறார். நாளைக் காலை புது ரோலோடு போய், முதலில் உண்மையைச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகும் உள்ளே விட்டால், பிள்ளை முகத்தை எடுப்பேன்.