மச்சம் எழுதிய சீட்டு

அந்தச் சனிக்கிழமை கந்தோரில் இருந்தது மூன்று பேர்: யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர், சாமான் அனுப்புகிற கிளாக்கர், கடைசி மேசையில் நான். பில் எழுதுகிறவர் வரவில்லை; உறவில்லாவிட்டாலும் அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முறைக்காய்ச்சலில் வத்தேகம வீட்டில் படுத்துப் பதினொரு நாளாகியிருந்தது. மாத முடிவுக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகத் துரை சொல்லிவிட்டார். அனுப்புகிறவருக்கு வேலையில்லாத மச்சான் ஒருவன் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அனுப்புகிறவர் ரயில் நிலையத்துக்குப் போன சமயம், ஒரு ரசீதைத் தேடி அவருடைய மேசை லாச்சியைத் திறந்தேன். ரசீது இல்லை. மடித்த சீட்டு ஒன்று கிடந்தது. அதில் அண்ணனின் முழுப்பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், தகப்பன் எந்த நோயில் செத்தார் என்ற விபரம். அடியில், ‘இடது தோளுக்குக் கீழே மச்சம்’. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அண்ணனும் மகாவலியில் சேர்ந்து குளிப்பவர்கள். மச்சம் அவருக்குத் தெரிந்ததில் அதிசயமில்லை. அதை எழுதிவைப்பானேன்?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சூனியம் என்றால் சிரிக்கப் பழகியிருந்தேன். ஆனால் தாயின் பெயரும் உடம்பு அடையாளமும் கேட்கிறவர்கள் யாரென்று பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பே எனக்குத் தெரியும். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மத்தியான ரயிலேறினேன்.

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணிக்கு வாசிக்கத் தெரியாது; நான் வாசித்தேன். மச்சம் என்றதும் கையிலிருந்த கொயினா மருந்துப் போத்தலைக் கீழே வைத்தார்.

“அதான் தம்பி மருந்து கேக்கவே இல்ல. இத்தன நாளா கசப்ப ஊத்தி ஊத்தி மனுசனக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்.”

“மருந்த நிப்பாட்டாதீங்க அண்ணி.”

“படிச்ச நீங்களே பயந்துதானே இதத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தீங்க?”

நான் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தெல்தெனியவிலிருந்து சூனியம் வெட்டுகிறவர் வந்தார். வெட்டியபின் மூன்று நாள் மருந்து படக்கூடாது என்றார். இரண்டாம் நாளே காய்ச்சல் ஏறி அண்ணன் பிதற்றத் தொடங்கினார்.

புதன்கிழமை கொழும்பிலிருந்து அண்ணன் பெயருக்குக் கந்தோருக்கு ஒரு கடிதம் வந்தது. அவசரமோ என்று பெரிய கிளாக்கர் பிரித்தார். ஆயுள் இன்சூரன்ஸ் கம்பனி. போன மாதம் அவர் கையெழுத்திட்டு அனுப்பிய விண்ணப்பம் கிடைத்ததாம். விண்ணப்பத்திலிருந்த தாயின் பெயர், மச்சம் முதலிய விபரங்களைத் திருப்பி எழுதி, டாக்டரிடம் உடம்பைக் காட்ட நாள் குறித்திருந்தார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்தவர் என்று அனுப்புகிறவரின் பெயர் இருந்தது. பெரிய கிளாக்கர் கூப்பிட்டு விசாரித்ததும், அண்ணனுக்குத் தெரியாமல் தானே கையெழுத்து வைத்ததாக அவர் ஒப்புக்கொண்டார்.

“அவர் கையெழுத்தை நீர் ஏன் வைச்சனீர்?”

“உதவிதானுங்க ஐயா. நாளைக்கி ஒண்ணுன்னா பொண்டாட்டி புள்ளைக்கி ஆகும். பொறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள படுத்துட்டாரு.”

“ஓம், ஓம். அவருக்கு உதவி, உமக்குக் கொமிசன். மனிசன்ர தாயையும் மச்சத்தையும் வித்துப்போட்டு நிக்கிறீர்.”

நான் சீட்டின் கதையைச் சொன்னேன். பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அவர் எழுதினதோட விட்டார். நீர் வீடு தேடிப்போய் வாசிச்சுக் காட்டினீரோ? நல்ல படிப்பு.”

அன்று மாலையே வத்தேகமவுக்குப் போனேன். அண்ணி லேசில் நம்பவில்லை.

“கம்பனிக்காரனுக்கு மச்சம் எதுக்கு?”

“செத்தது இவருதானான்னு பாத்துக்கிறதுக்கு.”

அண்ணி மருந்துப் போத்தலை எடுத்துக் குலுக்கினார்.

அண்ணன் மாதம் முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். பெரிய கிளாக்கர் துரையிடம் பேசி வேலையைக் காப்பாற்றினார். வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அனுப்புகிறவர் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அதே மேசையில் இருந்தார். ஆற்றுக்கு மட்டும் அவர்கள் சேர்ந்து போகவில்லை. அவர்களுக்கு வந்த நட்டத்தில் நான் பாதியாவது தருகிறேன் என்றேன். அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். சூனியம் வெட்டிய கூலி, அதற்கு வாங்கிய சேவல், தேசிக்காய், வெட்டுப்பட்ட சம்பளம், எல்லாமாக அவர்களுக்கு முப்பத்தொரு ரூபா நாற்பது சதம்.