ஏசுராஜ் கேட்ட நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள்

ஏசுராஜின் பெயரில் ஆபீஸில் பதிவானவை நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். அவற்றில் அவருடைய சொந்தச் சந்தேகங்கள் பதினொன்று. மகள் ஜாய் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த கணக்கு இது.

அவர் நாகர்கோவில்காரர். 1985இல் அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்தார். பதினாறு வருஷம் பிரிட்ஜ்வாட்டர் வீட்டிலிருந்து அதே ரோட்டில் போய் அதே ரோட்டில் வந்தார். ஒரு புரோகிராம் எதற்காக அப்படி எழுதப்பட்டது, எழுதியவர் அன்று யாரோடு சண்டை போட்டார் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

1998இல் கம்பெனி ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் ஒரு கேள்வி-பதில் போர்டு. தெரியாததை அதில் எழுத வேண்டும். தெரிந்தவர் பதில் எழுதுவார். மொத்த ஆபீஸும் படித்துக் கற்றுக்கொள்ளும். தொடக்க நாளன்று எல்லாருக்கும் பீட்ஸா. ஒரு மாதம் கழித்தும் போர்டில் இருந்தவை மூன்றே கேள்விகள். அதில் ஒன்று பார்க்கிங் பற்றியது.

ஏசுராஜுக்குக் காரணம் தெரியும். அவர் குழுவில் தூத்துக்குடி சைலஸ், மாயவரம் ஷ்யாமளா, மணியன் எல்லாரும் வேலை விசாவில் வந்த பிள்ளைகள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் கேட்டார்.

"என்னடே, போர்டுல ஒரு கேள்வியும் காணோம்? எல்லாம் தெரிஞ்சு போச்சா உங்களுக்கு?"

"அங்கிள், நீங்க சிட்டிசன். உங்களுக்கென்ன?" என்றான் சைலஸ். "தெரியலன்னு நாங்க எழுதுனா மேனேஜர் படிப்பா. அடுத்த ஃபிளைட்ல ஏத்தி விட்ருவாங்க."

"அப்ப எம்பேர்ல கேளு."

"உங்க பேர்லயா? உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிர மாட்டாங்களா?"

"பதிமூணு வருஷமா இருக்கேன். எனக்குத் தெரியாதுன்னா எவன்டே நம்புவான்?"

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. அவர்கள் சந்தேகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். ஏசுராஜ் அதைத் தன் பெயரில் போர்டில் போடுவார். பதிலை நேராகச் சொல்லிவிட மாட்டார். நான்கு பேரும் சாப்பாட்டு மேஜையில் அதைப் பிய்த்துப் பார்ப்பார்கள். யாருக்கு முதலில் பிடிபடுகிறதோ அவர் தன் பெயரில் பதில் எழுத வேண்டும்.

"கேக்கது நான், சொல்லுதது நீங்க. உங்க வருஷ ரிவ்யூக்கு ஆகும்லா," என்பார்.

ஏசுராஜே கேட்கிறார் என்றதும் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டது. வெள்ளைக்காரர்கள் கேட்டார்கள், சீனர்கள் கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் போர்டு நிரம்பி வழிந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஏசுராஜ் அதிலேயே ஜாவா என்ற புது கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டார். இரவுச் சாப்பாட்டில் அன்றைய கேள்வியைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

"ஊர்ல உள்ள மக்குத்தனமெல்லாம் உங்க பேர்லதான் இருக்கு," என்பாள் மனைவி ஜெயலீலா.

ஜாயும் சிரிப்பாள். அவள் எடிசனில் டேட்டாபேஸ் வேலை பார்த்தாள். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று அந்த போர்டு வரிக்கு வரி சேமிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எண்ண முடிவதை ஒரு நாள் யாராவது எண்ணுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

2001 மார்ச்சில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய மேலிடத்துக்கு எண்கள் தேவைப்பட்டன. போர்டில் எண்கள் இருந்தன. சைலஸ்: கேள்வி இரண்டு, பதில் நூற்றுத் தொண்ணூறு. ஏசுராஜ்: கேள்வி நானூற்றுப் பன்னிரண்டு, பதில் ஆறு.

மேனேஜர் புதியவள். மரியாதையாகத்தான் பேசினாளாம். உங்களுக்கு மற்றவர்களின் உதவி நிறையத் தேவைப்பட்டிருக்கிறது என்றாளாம். மாதக் கடைசியோடு வேலை இல்லை, மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னாள்.

அவர் கேள்விகளின் பட்டியலை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜாய் பேனாவோடு உட்கார்ந்தாள்.

"இது யாருதுப்பா?"

"சைலஸ்."

"இது?"

"ஷ்யாமளா. பாவம், அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்."

ஒன்றுக்குக்கூட அவர் யோசிக்கவில்லை. முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

"அந்த போர்டுல யார் கேட்டாங்கன்னு ஒரு கட்டம் இருக்குப்பா. யாருக்காகக் கேட்டாங்கன்னு கட்டம் இல்ல," என்றாள்.

"அதை எவன் வைப்பான் மக்ளே."

அவள் ஒரு பக்கத்தில் கடிதம் டைப் செய்தாள். பெயர்களை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"பேர் இல்லாம இந்த லெட்டர் நிக்காது. பேர் போட்டா அந்தப் பிள்ளைக நிக்காது."

கையெழுத்துப் போடவில்லை. ஜெயலீலா அடுக்களையிலிருந்து, "நீங்க போனா அவனுக ஒரு வாய்ச் சோறு போடுவானுகளா?" என்று கத்தினாள்.

வியாழக்கிழமை ஜாய் அப்பாவுக்குத் தெரியாமல் சைலஸுக்கு போன் செய்தாள். பட்டியலைப் பற்றிச் சொன்னாள்.

"ஜாய், என் கிரீன் கார்டு லேபர் ஆபீஸ்லயே நிக்குது, வேலை போனா அதுவும் போச்சு. இப்பப் போய் அதெல்லாம் என்னுதுன்னு சொன்னா, அந்தப் பதிலும் என்னுது இல்லன்னு ஆயிடும். வீட்ல அவளுக்கு ஏழாவது மாசம்."

"தெரியும் சைலஸ் அண்ணா."

"அங்கிள் சொல்லச் சொன்னாரா?"

"இல்ல."

"அங்கிள் சொல்லச் சொன்னா நான் சொல்லிடுறேன்."

அப்பா சொல்லச் சொல்ல மாட்டார். அது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். திட்டலாம் என்று பார்த்தாள். அவன் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தாள். போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை போனது. மாதக் கடைசியில் வேலையும் போனது.

அதன் பிறகு அவர் அறுபது இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பினார். இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கராஜில் விழுந்தார். மாரடைப்பு. வேலை போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அடைப்பு பல வருஷத்தது என்றார் டாக்டர். ஜாய் அறிக்கையை வாங்கிப் படித்தாள். டாக்டர் சொன்னது சரி. அதனால் அவள் மனசில் எதுவும் குறையவில்லை.

அடக்கத்துக்கு மூன்று பேரும் வந்தார்கள். ஷ்யாமளா ஜெயலீலாவின் பக்கத்தை விட்டு நகரவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு சைலஸ் சர்ச் பார்க்கிங்கில் ஜாயிடம் வந்தான். மடித்த தாள் ஒன்றை நீட்டினான்.

"போன வாரம் கிரீன் கார்டுக்கு லேபர் ஆபீஸ்ல கிளியர் ஆயிடுச்சு. மெயில் எழுதி வச்சிருக்கேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இன்னைக்கே அனுப்பிடுறேன்."

"யாருக்கு?"

மேனேஜரை ஜூனில் அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் போர்டையும் எடுத்துவிட்டார்கள். இதை அவளுக்குச் சொன்னவனே அவன்தான்.

"தெரியல," என்றான்.

ஜாய் வெயிலில் நின்றபடியே படித்தாள். நன்றாக எழுதியிருந்தான். எந்தக் கேள்வி யாருடையது என்று வரிசையாகப் போட்டிருந்தான். எதையும் மறைக்கவில்லை. மார்ச்சில் வந்திருந்தால் இது போதுமாக இருந்திருக்கும்.

மடித்துத் திருப்பி நீட்டினாள். அவன் வாங்கவில்லை.